ஒரு எஞ்சின் நின்றால்?

துணுக்காயிலிருந்து சென்னைக்குப் போக முன்னர் கட்டுநாயக்கா வரை தெற்கே ஓட வேண்டும். இப்போது மாங்குளத்தில் ஏ9 வீதியில் ஏறி வடக்கே பலாலிக்கும் போகலாம். 2019 ஒக்டோபர் 17 அன்று பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டபோது சென்னையிலிருந்து வந்திறங்கியது ஏ.ரி.ஆர். 72 ரக விமானம். சிறகுக்கு ஒன்றாக இரண்டே எஞ்சின். கீழே பாக்கு நீரிணை. நடுவழியில் ஒன்று நின்றுபோனால்?

விழாது. புறப்படும் வேளையிலேயே ஒரு எஞ்சின் நின்றாலும் மற்றதன் பலத்தில் மேலேற முடியும் என்று காட்டினால்தான் இத்தகைய பயணிகள் விமானத்துக்கு அனுமதி கிடைக்கும். ஒவ்வொரு புறப்பாட்டுக்கும் விமானிகள் ஒரு வேகத்தைக் கணக்கிட்டு வைப்பார்கள். அந்த வேகத்தை எட்டுமுன் பழுது வந்தால் ஓடுபாதையிலேயே நிறுத்துவார்கள். தாண்டிய பின் வந்தால், மேலேறிச் சுற்றிவந்து இறக்குவார்கள்.

இரட்டை மாட்டு வண்டியில் ஒரு மாடு நின்றால் வண்டி அந்தப் பக்கமாகத் திரும்பும், விமானமும் அப்படித்தான். விமானி காலால் சுக்கானை மிதித்து நேராக்குவார். நின்ற மாட்டை அவிழ்த்துவிடவும் வழி இருக்கிறது: ஏ.ரி.ஆரில், புறப்படும் வேளையில் பலம் இழந்த பக்கத்துப் புரொப்பெல்லரின் அலகுகள் தாமாகவே திரும்பி, காற்றுக்கு விளிம்பை மட்டும் காட்டும். இழுவை பெருமளவு குறைந்துவிடும்.

இத்தனை இருந்தும் 2015 பெப்ரவரி 4 அன்று தாய்பேயிலிருந்து கிளம்பிய ட்ரான்ஸ்ஏசியா ஏ.ரி.ஆர். 72 ஆற்றில் விழுந்தது. வலப்பக்கப் புரொப்பெல்லரின் அலகுகள் ஒரு பிழையான சமிக்ஞையால் அப்படித் திரும்பிக்கொண்டன. இடப்பக்க எஞ்சின் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. அதைத்தான் விமானி அவசரத்தில் அணைத்தார். எச்சரிக்கை ஒலித்து இரண்டு நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்தது. இருந்த 58 பேரில் 43 பேர் மாண்டனர்.

2010 நவம்பர் 4 அன்று சிங்கப்பூரிலிருந்து புறப்பட்ட குவாண்டாஸ் ஏ380க்கு நேர்ந்தது இதைவிட மோசம். ஒரு எஞ்சினுக்குள் சுழல்தட்டு வெடித்து, சிதறிய துண்டுகள் சிறகின் மின்கம்பிகளையும் எரிபொருள் தாங்கியையும் கிழித்தன. தலைமை விமானி ரிச்சர்ட் டி கிரெஸ்பினியும் விமானி அறையிலிருந்த மற்ற நால்வரும் உடனே இறக்க ஓடவில்லை. வானில் வட்டமிட்டபடி, எது பழுது, எது இன்னும் வேலை செய்கிறது என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார்கள். புறப்பட்டு ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் 469 பேரும் காயமின்றித் தரைக்கு வந்தனர்.

இயந்திரம் விமானிக்குத் தருவது அவகாசம். எந்தப் பக்கம் பழுது என்பதை விமானிகள் இருவரும் பார்த்து, இருவரும் உறுதி சொன்ன பிறகே நெம்புகோலைத் தொட வேண்டும் என்ற விதி அந்த அவகாசத்தைக் காப்பாற்றத்தான் இருக்கிறது. தாய்பே விபத்துக்குப் பிறகு அதே நிறுவனத்தின் ஏ.ரி.ஆர். விமானிகளுக்கு எஞ்சின் பழுது பற்றி வாய்மொழித் தேர்வு வைத்தபோது, 10 பேர் தேறவில்லை. எஞ்சினைச் சோதிக்கும் அதே கண்டிப்போடு விமானியையும் சோதிக்கும் நிறுவனமே பாதுகாப்பான நிறுவனம்.