காளான் தின்னும் கோல்டி குரங்கு

தென் அமெரிக்காவின் அமேசான் காடுகளில், பொலிவியா, பெரு, பிரேசில் போன்ற நாடுகளில் கோல்டி குரங்கு வாழ்கிறது. கரிய உரோமம் கொண்ட இதன் எடை ஏறக்குறைய அரைக் கிலோகிராம்தான்.

பழங்களையும் பூச்சிகளையும் உண்ணும் இக்குரங்கு, மழை குறைந்து பழங்கள் அரிதாகும் மாதங்களில் காளானையே பெரிதும் நம்பியிருக்கிறது. மட்கும் மரங்களில் முளைக்கும் காதுக்காளானும் மூங்கில் தண்டுகளில் வளரும் காளானும் இதற்கு உணவாகின்றன. சீன உணவகங்களில் சூப்பில் மிதக்கும் கருங்காளானும் காதுக்காளான் வகையைச் சேர்ந்ததே!

காளான் ஒரு செடியன்று. அது தாவரங்களைவிட விலங்குகளுக்கே நெருங்கிய உறவு. குரங்கைப் போலவே அதனாலும் சூரிய ஒளியைக் கொண்டு உணவு தயாரிக்க இயலாது. குரங்கு உணவைத் தேடி மரத்துக்கு மரம் தாவுகிறது. காளானோ தன் உணவாகிய மரத்துக்குள்ளேயே மெல்லிய இழைகளைப் பரப்பி, அதைச் சிதைத்து உறிஞ்சுகிறது. இனப்பெருக்கத்தில்தான் வேறுபாடு மிகுதி. காளான் எண்ணற்ற நுண்ணிய வித்துகளைக் காற்றில் தூவும். கோல்டி குரங்கு ஒரு பேற்றில் ஒரே ஒரு குட்டியை ஈனும். அதனால், குறைந்த எண்ணிக்கை மீண்டும் பெருகக் காலம் பிடிக்கும்.

காளான் எளிதில் செரிக்காது. காட்டில் ஓரிடத்தில் குவிந்தும் கிடைக்காது. ஆகவே, ஒரு சிறு குரங்குக் கூட்டத்துக்கே 100 ஹெக்டருக்கும் மேற்பட்ட காடு தேவைப்படுகிறது. பட்ட மரங்களையும் மூங்கில் புதர்களையும் பயனற்றவை என அகற்றினால், பசுமையான மரங்கள் எஞ்சியிருந்தாலும் வறண்ட மாதங்களில் இக்குரங்கு உணவின்றித் தவிக்கும்.