உங்க பழைய ஸ்கூல் நல்லா இருக்கா?

ஒரு சின்னக் கேள்வி. நீங்க படிச்ச ஸ்கூலுக்குக் கடைசியா எப்போ போனீங்க? டி.சி. வாங்கப் போனது, ஓட்டுப் போடப் போனது எல்லாம் கணக்குல வராது. 'நம்ம ஸ்கூல் இப்போ எப்படி இருக்கு'ன்னு பார்க்கறதுக்காகவே போனது எப்போ?

காலேஜ் சேர்ந்த புதுசுல ஒரு தடவை கெத்தா போயிருப்பீங்க. அதுக்கப்புறம் செமஸ்டர், அரியர், பிளேஸ்மென்ட்னு ஓடியிருப்பீங்க. தப்பில்லை. ஆனா, ஊர்ப்பக்கம் இருக்கற அரசுப் பள்ளியிலயோ, அரசு உதவி பெறும் பள்ளியிலயோ படிச்சவரா இருந்தா, ஒரு எட்டு போய்ப் பார்த்துட்டு வாங்க. ஏன்னா, உங்க பேரனுக்குக் காட்ட அந்த ஸ்கூல் இருக்குமாங்கறதே இப்போ கேள்வியா இருக்கு!

பயமுறுத்தறதா நினைக்காதீங்க. 2024-25 கல்வியாண்டுக்கான மத்திய அரசின் புள்ளிவிவரப்படி, இந்தியா முழுக்க 7,993 பள்ளிகளில் ஒரு மாணவர்கூடச் சேரவில்லை. ஒரே ஒரு ஆசிரியரை வைத்து ஓடுகிற பள்ளிகள் 1 லட்சத்துக்கும் மேல். அவற்றில் படிக்கிற பிள்ளைகள் 33 லட்சத்துக்கும் அதிகம். இத்தனைக்கும் அதே ஆண்டில்தான் நாட்டின் மொத்த ஆசிரியர் எண்ணிக்கை முதல்முறையாக 1 கோடியைத் தாண்டியது. டீச்சர் இருக்காங்க... ஆனா வேண்டிய இடத்துல இல்லை. அதுதான் மேட்டர்!

60 பிள்ளைங்க, 2 டீச்சர்

கணக்குப் புலிகள் கொஞ்சம் கவனிங்க. 2009-ல் வந்த கல்வி உரிமைச் சட்டம், தொடக்கப் பள்ளியில் 30 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் வேண்டும் என்கிறது. 60 பேர் வரைக்கும் 2 ஆசிரியர். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா, தொடக்கப் பள்ளியில ஒண்ணாம் வகுப்பிலேர்ந்து அஞ்சாம் வகுப்பு வரைக்கும் மொத்தம் 5 வகுப்பு இருக்கே! அப்போ ஒரு டீச்சருக்கு இரண்டரை வகுப்பு. ஒரு பக்கம் 'அ, ஆ' எழுத வைக்கணும், அதே அறையில இன்னொரு பக்கம் வகுத்தல் சொல்லித் தரணும். அஞ்சு வகுப்புக்கும் ஆளுக்கொரு டீச்சர் வேணும்னா, அந்தப் பள்ளியில 121 பிள்ளைங்களாவது படிக்கணும். சின்ன கிராமத்துல 121 பேருக்கு எங்கே போறது?

அந்த ரெண்டு பேர்ல ஒருத்தர்தான் தலைமை ஆசிரியர். அவர் மீட்டிங்குக்குப் போயிட்டா மிச்சம் ஒருத்தர். அந்த ஒருத்தரும் பிரசவ விடுப்புல போயிட்டா..? நீங்களே யோசிச்சுக்குங்க.

இப்போ இந்தச் சுழலைப் பாருங்க. டீச்சர் குறைவுன்னு பெற்றோர் பிள்ளையை மஞ்சள் வேன்ல ஏத்தி டவுன் ஸ்கூலுக்கு அனுப்பறாங்க. பிள்ளைங்க எண்ணிக்கை குறையுது. எண்ணிக்கை குறைஞ்சதும் 'உபரி ஆசிரியர்'னு சொல்லி இருக்கற டீச்சரையும் வேற ஊருக்கு மாத்தறாங்க. டீச்சர் இன்னும் குறைஞ்சதும், மிச்சமிருக்கற பெற்றோரும் வேனைத் தேடறாங்க. யார் மேலயும் தனியா குத்தம் சொல்ல முடியாது. அப்பா, அம்மாவுக்குத் தன் பிள்ளை முக்கியம். அதிகாரிக்கு விதிமுறை முக்கியம். நடுவுல ஸ்கூல் காலியாகுது.

இதுல பிறப்பு விகிதமும் சேர்ந்துக்கிச்சு. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகள்தான். ஊர்ல பிள்ளைங்களே குறைவு. இருக்கற கொஞ்சப் பேரையும் பங்கு போட்டா என்ன மிஞ்சும்?

டீச்சர் வேலையா, குமாஸ்தா வேலையா?

'கவர்மென்ட் டீச்சருக்கென்ன, கை நிறைய சம்பளம்'னு டீக்கடை பெஞ்சுல சொல்றதைக் கேட்டிருப்பீங்க. நிரந்தர ஆசிரியர் விஷயத்துல அது சரி. ஆனா இன்னொரு கூட்டம் இருக்கு. 2012-ல் ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்வி சொல்லித்தர 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் சேர்க்கப்பட்டபோது, சம்பளம் மாதம் 5,000 ரூபாய். 2022-ல் காலியிடங்களை நிரப்ப 13,331 தற்காலிக ஆசிரியர்களை எடுக்க முடிவானபோது, இடைநிலை ஆசிரியருக்கு 7,500, பட்டதாரி ஆசிரியருக்கு 10,000, முதுகலை ஆசிரியருக்கு 12,000 ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்டது. பி.எட். முடிச்ச உங்க சீனியர் இதுல யாராவது இருக்கலாம். கேட்டுப் பாருங்க, கதை கதையா சொல்வாங்க.

நிரந்தர ஆசிரியர்களுக்கும் நிம்மதி இல்லை. 2025 செப்டம்பர் 1-ம் தேதி உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு, ஓய்வுபெற 5 ஆண்டுகளுக்கு மேல் இருப்பவர்கள் ஆசிரியர் தகுதித் தேர்வை 2 ஆண்டுகளுக்குள் எழுதித் தேற வேண்டும் என்றது. 20 வருஷமா பாடம் நடத்தினவங்க மறுபடி கைடு வாங்கிப் படிக்கற நிலைமை!

இதோட வெளி வேலைகள் வேற. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் பணி தவிர வேற வேலைக்கு ஆசிரியரை அனுப்பக்கூடாதுன்னு கல்வி உரிமைச் சட்டமே சொல்லுது. ஆனா, வருகைப் பதிவு, விலையில்லாப் பொருள் விவரம், அந்தப் படிவம், இந்தப் படிவம்னு 'எமிஸ்' இணையதளத்துல ஏத்தறதுக்கே பாதி நேரம் போகுதுன்னு ஆசிரியர்கள் புலம்பறாங்க. விதிவிலக்கா அனுமதிச்ச வேலையும் லேசுப்பட்டதில்லை. 2025 நவம்பரில் தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் நடந்தப்போ, வீடு வீடா படிவத்தோட அலைஞ்சவங்கள்ல ஆசிரியர்களும் அங்கன்வாடிப் பணியாளர்களும் நிறைய பேர்.

மாசம் 2,083 ரூபாய்ல ஒரு ஸ்கூல்!

காசு விஷயத்துக்கு வருவோம். 2025-26 தமிழ்நாடு பட்ஜெட்டில் பள்ளிக் கல்விக்கு ஒதுக்கப்பட்டது 46,767 கோடி ரூபாய். 'அவ்வளவா?'ன்னு வாயைப் பிளக்காதீங்க. அதுல பெரும்பகுதி சம்பளத்துக்கே போயிடும். அன்றாடச் செலவுக்கு ஒரு சின்ன ஸ்கூல் கையில என்ன இருக்கு?

'சமக்ர சிக்‌ஷா' திட்டத்தில் பள்ளி மானியம் என்று ஒன்று உண்டு. 31 முதல் 100 பிள்ளைகள் வரை படிக்கும் பள்ளிக்கு ஆண்டுக்கு 25,000 ரூபாய் என்பது அதன் கணக்கு. 12-ஆல வகுத்தா மாசம் 2,083 ரூபாய். சாக்பீஸ், குழாய் ரிப்பேர், உடைஞ்ச ஜன்னல் எல்லாத்துக்கும் இதுதான். இதில் குறைந்தது 10 சதவீதம் தூய்மைக்குச் செலவாக வேண்டும் என்பது விதி. அதாவது மாசம் 208 ரூபாய். உங்க ஹாஸ்டல் ரூம்ல ரெண்டு பேர் பிரியாணி சாப்பிடக்கூடப் பத்தாது. அதுல ஒரு ஸ்கூலோட கழிப்பறைக்கு பினாயிலும் துடைப்பமும் வாங்கணும்!

அந்தக் கழிப்பறை சரியில்லைன்னா யாருக்குக் கஷ்டம்? காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் தண்ணியே குடிக்காம அடக்கிக்கிட்டு உட்கார்ற பெண் பிள்ளைகளுக்கு. தோழிகளே, இதை உங்களுக்கு விளக்க வேண்டியதே இல்லை.

சமக்ர சிக்‌ஷா நிதியில் மத்திய அரசின் பங்கு 60 சதவீதம், மாநிலத்தின் பங்கு 40 சதவீதம். 'பி.எம். ஸ்ரீ' பள்ளித் திட்டத்துக்கான ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்துப் போட மறுத்ததால், 2024-25-க்கு வரவேண்டிய 2,152 கோடி ரூபாயை மத்திய அரசு நிறுத்திவைத்தது. 2025 மே மாதம் தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. யார் சொல்றது நியாயம்னு கேன்டீன்ல நீங்க விவாதம் பண்ணுங்க. ஆனா, டெல்லிக்கும் சென்னைக்கும் நடுவுல கடிதப் போக்குவரத்து நடக்கறப்போ, ஸ்கூல்ல குழாய் ஒழுகிக்கிட்டேதான் இருக்கும்.

1966-ல் கோத்தாரி கல்விக் குழு, 'நாட்டின் மொத்த வருமானத்தில் 6 சதவீதத்தைக் கல்விக்குச் செலவிடுங்கள்' என்றது. 2020-ல் வந்த தேசியக் கல்விக் கொள்கையும் அதே 6 சதவீதத்தைச் சொல்கிறது. இடையில 54 வருஷம் ஓடிப் போச்சு!

சுவர் பேசினா...

கட்டடங்களைப் பத்தி நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். 2004 ஜூலை 16. கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் கூரையில் பற்றிய தீ 94 குழந்தைகளைக் கொன்றது. அதுக்கப்புறம்தான் பள்ளிகளில் இருந்த கீற்றுக் கூரைகள் அகற்றப்பட்டன. 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து 3 மாணவர்கள் இறந்தார்கள். அதற்குப் பிறகு பழுதான பள்ளிக் கட்டடங்களை இடிக்க உத்தரவு பறந்தது. ஒவ்வொரு முறையும் நமக்கு உறைக்கறதுக்குப் பிள்ளைங்க உயிர் போக வேண்டியிருக்கு.

சோறு ஜெயிச்ச கதை

எல்லாமே அழுமூஞ்சிக் கதையான்னு கேட்காதீங்க. சாப்பாட்டு விஷயத்துல நாம காலரைத் தூக்கி விட்டுக்கலாம். 1956-ல் காமராஜர் ஆட்சியில் மதிய உணவு, 1982-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவு, 1989-ல் கலைஞர் ஆட்சியில் முட்டை, 2022 செப்டம்பர் 15-ல் மு.க.ஸ்டாலின் ஆட்சியில் காலை உணவு... ஆட்சி மாறினாலும் தட்டு காலியாகலை. ஒருத்தர் ஆரம்பிச்சதை அடுத்தவர் நிறுத்தாம, அதுமேல ஒண்ணைச் சேர்த்தார். சோத்துல முடிஞ்சது, டீச்சர் எண்ணிக்கையிலயும் கழிப்பறையிலயும் ஏன் முடியாது?

மனசுக்கு யார் டீச்சர்?

இது கொஞ்சம் கனமான விஷயம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022-ல் இந்தியாவில் தற்கொலையால் இறந்த மாணவர்கள் 13,044 பேர். மார்க் மட்டுமே காரணமில்லை. வீட்டுச் சண்டை, கடன், கிண்டல், பாலியல் தொல்லை, சாதி... பல கைகள் சேர்ந்து ஒரு பிள்ளையை ஓரத்துக்குத் தள்ளுது.

சாதின்னதும் 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நடந்தது ஞாபகம் வரும். கூடப் படிக்கிற மாணவனையே வீடு புகுந்து வெட்டினார்கள். அதையடுத்து அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கையில் வண்ணக் கயிறு கூடாது, பள்ளிப் பெயர்களில் சாதிப் பெயர் கூடாது என்பதெல்லாம் அதன் பரிந்துரைகள். கயித்தை அறுக்கறது ஈஸி. மனசுல கட்டியிருக்கறதை அறுக்க, உட்கார்ந்து பேச ஆள் வேணும்.

2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் படிக்கும் கல்வி நிறுவனங்களில் பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும் என்று வழிகாட்டியது. இது பள்ளிக்கு மட்டுமில்லை, உங்க காலேஜுக்கும் பொருந்தும். 'நம்ம காலேஜ்ல கவுன்சிலர் யாரு சார்?'னு நாளைக்கே கேளுங்க. உங்களுக்கோ, உங்க தம்பி, தங்கைக்கோ மனசு பாரமா இருந்தா 14416-க்கு எந்த நேரத்துலயும் பேசலாம், காசு கிடையாது. சின்னப் பிள்ளைகளுக்கு ஆபத்துன்னா 1098.

சரி, நாம என்ன செய்யறது?

இந்தக் கேள்வியைக் கேட்க உங்களுக்கு ஒரு தனி உரிமை இருக்கு. 2022-ல் தொடங்கின புதுமைப் பெண், 2024-ல் தொடங்கின தமிழ்ப் புதல்வன் திட்டங்கள்ல மாசம் 1,000 ரூபாய் வாங்கினவங்க உங்கள்ல இருப்பீங்க. 7.5 சதவீத ஒதுக்கீட்டுல மெடிக்கல், இன்ஜினீயரிங் சேர்ந்தவங்களும் இருப்பீங்க. அந்த வரிசையில உங்களை நிக்க வெச்சதே உங்க ஸ்கூல்தான். பதிலுக்குச் சில வேலைகள்:

* பள்ளி மேலாண்மைக் குழுவுக்குப் போங்க. கல்வி உரிமைச் சட்டப்படி அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர். 2024-ல் குழுக்களை மாற்றியமைத்தபோது முன்னாள் மாணவர்களுக்கும் இடம் தரப்பட்டது. அது நீங்கதான்!

* கிராம சபையில கையைத் தூக்குங்க. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 எல்லாமே லீவு நாள்தான். வாக்காளர் பட்டியல்ல பேர் இருந்தா போதும். 'ஸ்கூல் கழிப்பறைக்குத் தண்ணி வரலை'ன்னு சொல்லி, தீர்மானத்துல ஏறுதான்னு நின்னு பாருங்க.

* எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை என்.எம்.எம்.எஸ். தேர்வுக்குத் தயார் பண்ணுங்க. தேறினா ஒன்பதாம் வகுப்பிலேர்ந்து பிளஸ் டூ வரைக்கும் வருஷம் 12,000 ரூபாய் உதவித்தொகை. வாரம் ரெண்டு மணி நேரம் நீங்க கணக்கு சொல்லித் தந்தா, ஒரு வீட்டுல படிப்பு நிக்காம இருக்கும்.

* என்.எஸ்.எஸ்.ல இருந்தா, அடுத்த 7 நாள் முகாமை ஸ்கூல் பக்கம் திருப்புங்க. ரோட்டோரம் புல் செதுக்கினது போதும்.

* பிளஸ் டூ பிள்ளைகளுக்கு கவுன்சலிங் விண்ணப்பம் போட உதவுங்க. எந்த காலேஜ், என்ன ஃபீஸ், எந்த சான்றிதழ்னு உங்களைவிட நல்லா யாருக்குத் தெரியும்?

ஒரு எச்சரிக்கை. போனதும் டீச்சர்கிட்ட 'ஏன் இப்படி வெச்சிருக்கீங்க'ன்னு ஆடிட்டர் மாதிரி ஆரம்பிச்சுடாதீங்க. செல்ஃபி எடுத்துப் போட்டுட்டு ஓடியும் வந்துடாதீங்க. 'என்ன டீச்சர், என்ன உதவி வேணும்?'னு கேளுங்க. அவங்க முதல்ல நம்ப மாட்டாங்க. ரெண்டாவது தடவை போங்க, நம்புவாங்க.

டீச்சர் நியமனம், நிதி ஒதுக்கீடு இதெல்லாம் அரசாங்கத்தோட வேலை. உங்க ரெண்டு மணி நேரம் அதுக்கு மாற்று இல்லை. ஆனா, ஒரு ஸ்கூல்ல பத்துப் பதினைஞ்சு முன்னாள் மாணவர்கள் அடிக்கடி வந்து போறாங்கன்னு தெரிஞ்சா, அந்த ஊர்ப் பெற்றோர் வேனைத் தேடறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் யோசிப்பாங்க. அந்தச் சுழல் நிக்க ஆரம்பிக்கற இடம் அதுதான்.

அடுத்த லீவுக்கு ஊருக்குப் போறீங்கதானே? பஸ் ஸ்டாண்டுல இறங்கினதும் ஸ்கூலுக்கு எந்தப் பக்கம் திரும்பணும்னு உங்களுக்குத் தெரியாதா என்ன!