அடிக்கடி வருகிறவர்கள்

பெரிய மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவில் நாலு வருடம் வேலை பார்த்த எந்த நர்ஸுக்கும் சில முகங்கள் பழகிவிடும். போன வாரம் மூச்சுத்திணறல் என்று வந்தவர் இந்த வாரம் நெஞ்சுவலி என்று வருவார். அடுத்த வாரம் சர்க்கரை ஏறி மயங்கிய நிலையில் ஆம்புலன்ஸில் வந்து இறங்குவார். இங்கிலாந்தில் இப்படி அடிக்கடி வருகிறவர்கள் மக்கள்தொகையில் ஒரு சதவீதம்கூட இல்லை. ஆனால் அவசரப் பிரிவுக்கு நடக்கும் வருகைகளில் 16 சதவீதத்துக்கு மேல் அவர்களுடையவை என்று 2021இல் பிரிட்டிஷ் செஞ்சிலுவைச் சங்கம் கணக்கிட்டுச் சொன்னது. இவர்களுக்கு எதைச் செய்தால் உதவியாக இருக்கும் என்ற கேள்விக்கு விடை தேடியவர்கள், வழியில் ஒரு விசித்திரமான கணக்கில் மாட்டிக்கொண்டார்கள்.

அமெரிக்காவில், டெலவேர் ஆற்றுக்கு இக்கரையில் பிலடெல்பியா, அக்கரையில் கேம்டன். கேம்டன் ஆலைகள் மூடிப்போன, வறுமை ஊறிய சிறு நகரம். அங்கே குடும்ப மருத்துவராக இருந்த ஜெஃப்ரி பிரென்னர், குற்றம் நடக்கும் தெருக்களைப் போலீஸ் வரைபடத்தில் குறிப்பதைப் பார்த்து, நோயையும் அப்படிக் குறித்தால் என்ன என்று யோசித்தார். நகரத்து மருத்துவமனைகளின் பில் விவரங்களைக் கேட்டு வாங்கி, நோயாளிகளின் முகவரிகளை ஒவ்வொன்றாக வரைபடத்தில் ஏற்றினார். நகரம் முழுக்கப் பரவலாகப் புள்ளி விழும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். விழுந்ததோ சில இடங்களில் கொத்துக் கொத்தாக. இரண்டே கட்டடங்களில் இருந்த சுமார் 900 பேர், 2002 தொடங்கி ஆறரை ஆண்டுகளில், 4,000 தடவைக்கு மேல் மருத்துவமனைக்குப் போயிருந்தார்கள். அவர்களுக்கான பில் ஏறத்தாழ 20 கோடி டாலர். ஒரு கட்டடம் முதியோர் பராமரிப்பு இல்லம், மற்றது குறைந்த வருமானக்காரர்களின் அடுக்குமாடி. நகரத்து மருத்துவச் செலவில் 30 சதவீதம், ஒரே ஒரு சதவீத நோயாளிகளுக்காகப் போய்க்கொண்டிருந்தது.

பிரென்னர் தொடங்கிய கேம்டன் கூட்டமைப்பு இவர்களைத் தேடிப் போனது. நோயாளி வார்டில் படுத்திருக்கும்போதே கூட்டமைப்பின் ஆட்கள் கட்டிலருகே வந்து அறிமுகமாகிக்கொள்வார்கள். டிஸ்சார்ஜ் ஆனதும் நர்ஸும் சமூகப் பணியாளரும் வீடு தேடி வருவார்கள். வெவ்வேறு டாக்டர்கள் எழுதிக் கொடுத்த மாத்திரைகளை எல்லாம் எடுத்து வைத்து, எது காலையில், எது நிறுத்தியது, எது ஒரே மருந்து இரண்டு பெயரில் என்று பிரித்துத் தருவார்கள். கூடவே டாக்டரிடம் போவார்கள். உதவித்தொகைக்கு விண்ணப்பம் எழுதுவார்கள். 2011இல் மருத்துவரும் எழுத்தாளருமான அதுல் கவாண்டே நியூயார்க்கர் இதழில் இதைப் பற்றி எழுத, நாடே திரும்பிப் பார்த்தது. கவனிப்பு கிடைத்தவர்கள் மருத்துவமனைக்கு வருவது குறைந்திருந்தது. இதற்கு மேல் என்ன சான்று வேண்டும் என்று யாருக்கும் தோன்றும்.

கணக்கின் மாயம் இங்கேதான் ஒளிந்திருக்கிறது. காய்ச்சல் உச்சத்துக்குப் போகும்போதுதான் நாம் கஷாயம் வைக்கிறோம். மறுநாள் காய்ச்சல் இறங்கினால் புகழெல்லாம் கஷாயத்துக்கு. உச்சத்தைத் தொட்ட எதுவும் அடுத்து இறங்கத்தானே செய்யும்? இதைப் புள்ளியியலில் சராசரிக்குத் திரும்புதல் என்பார்கள். பிரிட்டிஷ் அறிஞர் பிரான்சிஸ் கால்டன் 1886இல் பெற்றோர், பிள்ளைகள் உயரத்தை அளந்து இதைக் காட்டினார். மிக உயரமான பெற்றோரின் பிள்ளைகள் சராசரியைவிட உயரம்தான். ஆனாலும் பெற்றோர் அளவுக்கு இல்லை.

அதே விதி நோயாளிகளுக்கும் பொருந்தும். கேம்டன் கூட்டமைப்பு தேர்ந்தெடுத்தது, ஆறு மாதத்தில் இரண்டு தடவையாவது மருத்துவமனையில் சேர்ந்தவர்களை. அதாவது, அவர்கள் வாழ்க்கையின் மிக மோசமான ஆறு மாதத்தில் அவர்களைப் பிடித்திருக்கிறார்கள். அடுத்த ஆறு மாதத்தில் பலருக்கு, யாரும் எதுவும் செய்யாவிட்டாலும், நிலைமை கொஞ்சம் சீராகும். “அடிக்கடி வருகிறவர்” என்று ஒரு மனிதர்மேல் நிரந்தரமாக முத்திரை குத்துகிறோமே, பெரும்பாலும் அது அந்த ஆளின் குணம் கிடையாது. அவர் கடந்துகொண்டிருக்கும் ஒரு கட்டம்.

அப்படியானால் கஷாயம் வேலை செய்ததா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? கஷாயம் குடிக்காத, அதே காய்ச்சல்காரர்களையும் பார்க்க வேண்டும். கேம்டன்காரர்களை நான் மனதார மதிப்பது இதற்காகத்தான். புகழ் உச்சியில் இருந்தபோதே அந்தச் சோதனைக்கு அவர்கள் தாங்களாகவே உட்பட்டார்கள். பொருளியல் அறிஞர் ஏமி ஃபிங்கல்ஸ்டைன் குழுவினர் 800 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் ஏறத்தாழப் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்குக் கூட்டமைப்பின் கவனிப்பு. மறுபாதிக்கு வழக்கமான சிகிச்சை. முடிவு 2020 ஜனவரியில் வெளிவந்தது. 180 நாட்களுக்குள் மறுபடி மருத்துவமனையில் சேர்ந்தவர்கள், கவனிப்பு பெற்றவர்களில் 62.3 சதவீதம். பெறாதவர்களில் 61.7 சதவீதம். வித்தியாசமே இல்லை. கவனிப்பு பெற்றவர்களை மட்டும் முன்னும் பின்னும் பார்த்திருந்தால் 38 சதவீதப் புள்ளி குறைந்ததாகத் தெரிந்திருக்கும். மற்றவர்களுக்கும் அதே அளவு தானாகவே குறைந்திருந்தது.

இதைப் படித்துவிட்டு, உதவி செய்வதே வீண் என்று சொன்னவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அறிக்கையின் உள்ளே இன்னொரு எண் இருக்கிறது. டிஸ்சார்ஜ் ஆன ஐந்து நாளுக்குள் வீட்டுக்குப் போய்ப் பார்ப்பது, ஏழு நாளுக்குள் டாக்டரிடம் கூட்டிப்போவது என்பது திட்டம். இரண்டும் சொன்ன நேரத்தில் நடந்தது 28 சதவீதம் பேருக்குத்தான். போய்ப் பார்க்கப் பலருக்கு நிலையான வீடு இல்லை. கூப்பிட போன் இல்லை. மாத்திரையைப் பிரித்துக் கொடுக்கலாம், ஆனால் இன்சுலினை வைக்க ஃபிரிட்ஜ் இல்லாதவருக்கு அது எவ்வளவு தூரம் உதவும்? சிகாகோவில் வீடற்ற நாள்பட்ட நோயாளிகள் 407 பேரிடம் நடந்த குலுக்கல் முறை ஆய்வு 2009இல் வெளியானது. தங்க இடமும் துணைக்கு ஒரு பணியாளரும் கிடைத்தவர்களுக்கு, கிடைக்காதவர்களைவிட, மருத்துவமனையில் கிடந்த நாட்கள் 29 சதவீதமும் அவசரப் பிரிவு வருகைகள் 24 சதவீதமும் குறைவு. எல்லா உதவியும் ஒன்றல்ல.

என்னை அதிகம் வியக்க வைத்தது, இவற்றுக்கெல்லாம் முன்பு டொரன்டோவில் நடந்த ஒரு சிறிய சோதனை. அவசரப் பிரிவுகளில் வெளியே சொல்லாத ஒரு பயம் இருக்கிறது. அன்பாக நடந்துகொண்டால் இவர்கள் இதையே பழக்கமாக்கிக்கொண்டு இன்னும் அதிகமாக வருவார்கள் என்ற பயம். அதனால்தான் சில இடங்களில் முகம் கொடுத்துப் பேசுவதே இல்லை. டொனால்ட் ரெடல்மையரும் இரண்டு சகாக்களும் அந்தப் பயத்தைச் சோதித்துப் பார்த்தார்கள். வீடற்ற நோயாளிகள் 133 பேர். குலுக்கலில் ஒரு பகுதியினருக்கு, வழக்கமான சிகிச்சையோடு, பயிற்சி பெற்ற தன்னார்வலர் ஒருவர் பக்கத்தில் இருந்து பேச்சுத்துணை தந்தார். அவர் ஊசி போடவில்லை, மருந்து எழுதவில்லை, வீடு வாங்கித் தரவில்லை. பரிவோடு கவனித்தார், அவ்வளவுதான். 1995இல் லான்செட் இதழில் முடிவு வந்தது. பேச்சுத்துணை கிடைக்காதவர்கள் அதன்பின் மாதத்துக்குச் சராசரியாக 0.65 தடவை திரும்பி வந்தார்கள். கிடைத்தவர்கள் 0.43 தடவை. மூன்றில் ஒரு பங்கு குறைவு.

133 பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான். ஆனால் கேம்டனில் ஏமாற்றிய அந்தச் சராசரி மாயம் இங்கே குறுக்கே வர வழியில்லை, ஏனென்றால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ஆட்கள். அப்படியென்றால் பரிவு எப்படி வருகையைக் குறைத்தது? யாரும் காது கொடுத்துக் கேட்காமல் அனுப்பிவிட்டால், வந்த காரணம் தீராமலே மனிதர் வெளியே போகிறார். தீராத காரணத்தோடு மறுபடி வருகிறார். இந்தத் தடவையாவது கேட்பார்களா என்று.