தாமே கட்டும் ஜைரோபிளேனில் எரிபொருள் தொட்டியும் குழாயமைப்பும்: ஒரு விளக்கம்

ஆய்வுச்சுருக்கம்

தனிமனிதர் தாமே கட்டும் ஜைரோபிளேனின் எரிபொருள் அமைப்பு, மட்டமான பறப்பை மனத்திற்கொண்டே பெரிதும் திட்டமிடப்படுகிறது. மூக்கு உயர்ந்து, முழு ஆற்றலில் மேலேறும் நிலையே அவ்வமைப்பின் உண்மையான அளவுகோல் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: ஜைரோபிளேன், எரிபொருள் தொட்டி, ஈர்ப்பு மையம், ஆவித்தடை, பாய்வுச் சோதனை.

முன்னுரை

ஸ்பெயின் நாட்டுப் பொறியாளர் உவான் டி லா சியெர்வா வடிவமைத்த ஆட்டோஜைரோ 1923ஆம் ஆண்டு மாட்ரிட் அருகே பறந்தது. ஹெலிகாப்டரில் எஞ்சின் சுழலியை இயக்குகிறது. ஜைரோபிளேனிலோ கீழிருந்து மேலாக ஊடுருவும் காற்றே பறப்பின்போது சுழலியைச் சுழற்றுகிறது. எஞ்சினின் பணி ஊர்தியை முன்னோக்கித் தள்ளுவது மட்டுமே. 1950களில் அமெரிக்கரான ஈகோர் பென்சன் வெளியிட்ட வரைபடங்களும் பாகத் தொகுப்புகளும் இவ்வூர்தியை வீட்டிலேயே கட்டும் வழக்கத்தைப் பரவலாக்கின.

எஞ்சின் நின்றாலும் சுழலி நிற்பதில்லை. எனவே எரிபொருள் தடைப்படுதல் பெரிய இடர் அன்று எனக் கருத இடமுண்டு. உயரமும் வேகமும் இருக்கும்போது இக்கருத்து ஓரளவு பொருந்தும். தரையை விட்டு எழுந்த சில நொடிகளில் இவ்விரண்டும் குறைவு. இறங்குவதற்கேற்ற இடமும் எதிரில் இருப்பதில்லை. எஞ்சின் மிகுதியான எரிபொருளை வேண்டுவதும் அந்நேரத்தில்தான்.

தொட்டியின் இடமும் கொள்ளளவும்

பெட்ரோலின் எடை லிட்டருக்கு ஏறத்தாழ 0.74 கிலோகிராம். 40 லிட்டர் நிரப்பினால் 30 கிலோகிராம் கூடும். மொத்த எடை 400 கிலோகிராம் உள்ள ஊர்தியில், எரிபொருள் நீங்கலான பகுதியின் ஈர்ப்பு மையத்திற்கு 30 செ.மீ. பின்னால் தொட்டி இருப்பதாகக் கொள்வோம். எரிபொருள் தீரும்போது ஈர்ப்பு மையம் 2.25 செ.மீ. முன்னகரும். சுழலியில் தொங்கும் ஊசலைப் போன்ற இவ்வூர்தியில், இம்மாற்றம் கட்டுப்பாட்டுத் தண்டின் நிலையையும் மாற்றும். இதனாலேயே இருக்கையையே தொட்டியாக அமைக்கும் முறை சிறிய ஜைரோபிளேன்களில் இடம்பெற்றது. சுழலித் தலையில் ஊர்தியைத் தொங்கவிட்டுச் சாய்வை அளக்கும் சோதனையைத் தொட்டி நிறைந்த நிலையிலும் வெறுமையான நிலையிலும் செய்தல் வேண்டும்.

கொள்ளளவைச் சட்டமும் வரையறுக்கலாம். அமெரிக்க விதிகளின் 103ஆம் பகுதியில் அடங்கும் ஒருவர் ஊர்திக்கு 5 அமெரிக்க காலன், அதாவது ஏறத்தாழ 19 லிட்டரே உச்சவரம்பு.

பொருளைத் தேர்வதில் எத்தனால் கருதத்தக்கது. சில கண்ணாடியிழைப் பிசின்களையும் இரப்பர் குழாய்களையும் அது மென்மையாக்கும். பற்றவைத்த அலுமினியத் தொட்டியில் இச்சிக்கல் இல்லை. ஆனால் அதிர்வால் பற்றுக்கோடுகளில் விரிசல் தோன்றலாம். ஆகவே உலோகத்தை நேரடியாக முடுக்காமல், மெத்தை வைத்த பட்டைகளால் தாங்குதல் நன்று.

வெளிவாயும் காற்றுத்துளையும்

மூக்கு உயரும்போது எரிபொருள் பின்புறமும், இறங்கும்போது முன்புறமும் ஓடும். தொட்டியின் அடியில் சிறு குழி அமைத்து வெளிவாயை அதனுள் வைத்தால், இருநிலையிலும் அது மூழ்கியிருக்கும். குழியின் அடியில் வடிகால் வால்வு இருந்தால், பெட்ரோலைவிடக் கனமான நீரைப் பறப்புக்கு முன் வடித்துவிடலாம். உள்தடுப்புகள் தளும்பலைக் குறைக்கும்.

வெளியேறும் எரிபொருளுக்கு ஈடாகக் காற்று உள்ளே வரவேண்டும். காற்றுத்துளை அடைபட்டால் தொட்டியில் அழுத்தம் குறைந்து பாய்வு நிற்கும். எஞ்சின் பின்புறம் அமைந்த ஊர்தியில், வழியும் பெட்ரோல் சூடான புகைக்குழாயை நோக்கிச் செல்லாதவாறு இத்துளையின் முனையைத் திருப்புதல் இன்றியமையாதது.

குழாய்வழி

எஞ்சின் உயரத்திலும் தொட்டி தாழ்விலும் இருப்பதால் புவியீர்ப்பை நம்ப இயலாது, பம்பு தேவை. உறிஞ்சும் பக்கத்தில் அழுத்தம் குறைவதால் சூடான பெட்ரோல் ஆவியாகிக் குமிழிகள் தோன்றும். இதுவே ஆவித்தடை. துணை மின்பம்பைத் தொட்டிக்கருகில் தாழ்வாக வைத்தால், அது எரிபொருளை இழுக்காமல் தள்ளும். வடிகட்டியைப் பம்புக்கு முன்னும், மூடும் வால்வை விமானியின் கைக்கெட்டும் இடத்திலும் அமைக்கவேண்டும். ரோட்டாக்ஸ் 912 வகை எஞ்சினில் எரிபொருளின் ஒரு பகுதியைத் தொட்டிக்குத் திருப்பும் குழாய், தோன்றும் ஆவியையும் அகற்றுகிறது. எஞ்சின் அருகே செல்லும் குழாய்களுக்குத் தீத்தாங்கும் உறை வேண்டும்.

பாய்வுச் சோதனை

பம்பு வழி அமைப்பில் உச்சத் தேவையின் 125 விழுக்காடும், ஈர்ப்பு வழி அமைப்பில் 150 விழுக்காடும் பாயவேண்டும் என்பது அமெரிக்க வான்போக்குவரத்து நிர்வாகத்தின் வழிகாட்டல். ரோட்டாக்ஸ் 912 யுஎல்எஸ் எஞ்சின் புறப்பாட்டு ஆற்றலில் மணிக்கு 27 லிட்டர் செலவிடும். அதன் 125 விழுக்காடு 33.75 லிட்டர், அதாவது 10 நிமிடத்தில் ஏறத்தாழ 5.6 லிட்டர்.

திறந்த வெளியில், தீயணைப்பான் அருகிருக்க, மூக்கை உச்ச ஏறுகோணத்தைவிட 5 பாகை கூடுதலாக உயர்த்தவேண்டும். தொட்டியில் குறைந்த அளவே எரிபொருள் இருக்கவேண்டும். கார்புரேட்டர் முனையில் குழாயைக் கழற்றி, மின்பம்பால் வரும் எரிபொருளை அளவுக் கலத்தில் பிடித்தால் விடை கிடைத்துவிடும். பின்னர் ஊர்தியைத் தரையோடு பிணைத்து, மின்பம்பை நிறுத்தி, எஞ்சினை முழு ஆற்றலில் இயக்கி, எந்திரப் பம்பு தனித்துத் தாங்குகிறதா என அறியலாம்.

முடிவுரை

தொட்டியின் இடம் ஊர்தியின் சமநிலையையும், வெளிவாயும் காற்றுத்துளையும் பாய்வின் தொடர்ச்சியையும், குழாய்வழி ஆவித்தடையையும் தீயையும் சார்ந்த முடிவுகளாகும். மட்டமாக நிற்கும் ஊர்தியில் இவற்றுள் எந்தக் குறையும் புலப்படாமல் போகலாம். மூக்கை உயர்த்தி, எரிபொருளைக் குறைத்து, அளவுக் கலத்தைக் கொண்டு செய்யும் சோதனையோ அவற்றுள் பாய்வைத் தடுக்கும் குறைகளைத் தரையிலேயே காட்டிவிடும். ஆதலின் அச்சோதனையை வடிவமைப்பின் ஒரு பகுதியாகவே கொள்ளுதல் தகும்.