மீண்டு வந்த பள்ளத்தாக்கு

அமெரிக்காவில் வாழும் பிள்ளைகளைக் காணச் செல்லும் பெற்றோரின் பயணத் திட்டத்தில் நயாகரா பெரும்பாலும் இடம்பெற்றுவிடும். மேற்குக் கடற்கரையில் உள்ள ஆரெகன் மாநிலத்துக்குச் செல்வோர் சில்வர் ஃபால்ஸ் மாநிலப் பூங்காவுக்கும் ஒரு நாள் ஒதுக்கலாம். மாநிலத் தலைநகருக்கு நம் சேலத்தின் பெயரே வாய்த்திருப்பது தற்செயலான பொருத்தம். அங்கிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குள் பூங்காவை அடையலாம்.

'பத்து அருவிப் பாதை' எனப்படும் நடைபாதை 11.6 கி.மீ. சுற்றளவு கொண்டது. இதில் நான்கு அருவிகளின் பின்புறமாகவே நடந்து செல்ல முடியும். 177 அடி உயரமுள்ள தெற்கு அருவி அவற்றுள் புகழ்பெற்றது. ஏறத்தாழ ஒன்றரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு உறைந்து உருவான கடும்பாறை மேலே நிற்க, அதன் அடியிலிருந்த மென்மையான படிவுகள் அரிக்கப்பட்டதால் உண்டான குகைகளே இவ்வழியைத் தருகின்றன. முன்னால் நீர்த்திரை விழ, அதற்கு அப்பால் வானளாவிய டக்ளஸ் ஃபிர் மரங்கள் தெரியும்.

இந்தப் பசுமை எளிதில் கிடைத்ததன்று. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கு மரங்கள் பெருமளவில் வெட்டப்பட்டன. தெற்கு அருவியின் உச்சியிலிருந்து பழைய கார்களைத் தள்ளிவிட்டு, அதைக் காணக் கட்டணமும் பெற்றனர். சில்வர்டன் ஊரின் புகைப்படக் கலைஞர் ஜூன் டிரேக், அருவிகளின் அழகைப் படமெடுத்துக் காட்டி, இவ்விடத்தைக் காக்க வேண்டுமெனப் பல்லாண்டுகள் வலியுறுத்தினார். 1926ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாக ஏற்க மறுக்கப்பட்டது; வெட்டிய மரங்களின் அடிக்கட்டைகள் நிறைந்து கிடந்ததே காரணம். எனினும் முயற்சி ஓயவில்லை. 1933இல் இது மாநிலப் பூங்காவாயிற்று. பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் அரசுத் திட்டத்தில் சேர்ந்த இளைஞர்கள் கல்லாலும் மரத்தாலும் எழுப்பிய விடுதிக் கட்டடம் இன்றும் நிற்கிறது.

இளவேனிலில் அருவிகளில் நீர் மிகுந்திருக்கும்; கோடையின் இறுதியில் மெலியும். இலையுதிர் காலத்தில் மேப்பிள் இலைகள் பொன்னிறம் பெறும். முதலில் இறக்கம், பின்னரே ஏற்றம் என்பதால், புறப்படும்போது உள்ள தெம்பை மட்டும் நம்பித் தொலைவு செல்ல வேண்டாம். மூட்டுவலி உள்ளோர், வாகன நிறுத்துமிடத்தின் அருகிலுள்ள பார்வையிடத்திலிருந்தே தெற்கு அருவியைக் கண்டு மகிழலாம். ஈரப்பாறை வழுக்கும், நல்ல பிடிப்புள்ள காலணி தேவை. வெளிநாட்டில் மருத்துவச் செலவு மிக அதிகம். பயணக் காப்பீட்டை இங்கேயே எடுத்துக்கொண்டு புறப்படுவது நலம்.

பேரப்பிள்ளைகளுடன் அருவியின் பின்னே நிற்கும்போது, அடிக்கட்டைகளாகக் கிடந்த காடு மீண்ட கதையையும் அவர்களுக்குச் சொல்லுங்கள். அன்று பலரும் மதிப்பில்லை என்று ஒதுக்கிய நிலம், சிலரின் பொறுமையால் இன்று எல்லோருக்கும் உரிய செல்வமாக நிற்கிறது.