பேஸ் கிடார்: காசை எதில் போடுவது?

நாலு தந்தி பேஸ் கிடாரில் ஆகத் தடித்த தந்தியை எங்கும் அமுக்காமல் மீட்டினால் அது நொடிக்கு 41 முறை அதிரும். காற்றில் அந்த ஒலியலையின் நீளம் எட்டு மீட்டருக்கு மேல். நம் வீட்டுக் கூடங்கள் பலவும் அதைவிடச் சிறியவை. பேஸ் வாசிப்பவர் வாங்கும் கருவி, ஆம்ப், பெடல் எல்லாமே இந்த 41 ஹெர்ட்ஸைக் காப்பாற்றத்தான். காப்பாற்ற முடியாத இடத்தில் காதை ஏமாற்றத்தான். கடைக்காரர் சொல்லும் மற்ற சங்கதிகளை அதற்கப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.

ஏமாற்றுவது என்பதை நேர்ப்பொருளிலேயே சொல்கிறேன். கைபேசியின் குட்டி ஸ்பீக்கரால் 41 ஹெர்ட்ஸை எழுப்பவே முடியாது. ஆனாலும் இளையராஜாவின் எண்பதுகளின் பாட்டு ஒன்றை அதில் போட்டால் பேஸ் எப்படி ஓடுகிறது என்று நமக்குத் தெரிகிறது. தந்தி அதிரும்போது 41-உடன் 82, 123, 164 என்று அதன் மடங்குகளிலும் மேற்சுரங்கள் பிறக்கின்றன. ஸ்பீக்கர் தருவது இவற்றைத்தான். இவற்றுக்கிடையே உள்ள இடைவெளியைக் கொண்டு, வராத அடிச்சுரத்தை மூளை தானே நிரப்பிக்கொள்கிறது. அந்தப் பாட்டுகள் பலவற்றில் பேஸ் வாசித்த சசிதரனின் பெயரை அறியாதவர்கள்கூட அவர் வாசித்ததை முணுமுணுப்பார்கள். இந்த மேற்சுரக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பெடல்களிடம் வரும்போது தேவைப்படும்.

முதலில் கருவி. 1951-க்கு முன் மேற்கத்திய இசைக்குழுக்களில் பேஸ் என்றால் ஆளைவிட உயரமான டபுள் பேஸ்தான். காரில் ஏற்றுவது பெரும்பாடு. டிரம்ஸும் ஊதுகருவிகளும் சேர்ந்தால் அது வாசிப்பதே கேட்காது. முப்பதுகளில் சியாட்டில் நகரத்து பால் டட்மார்க், கழுத்தில் ஃப்ரெட் எனும் உலோகக் கட்டைகள் வைத்த மின்சார பேஸ் ஒன்றைச் செய்தார், விலைபோகவில்லை. 1951-இல் கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டனில், ரேடியோ பழுதுபார்ப்பவராக இருந்து கிடார் தயாரிப்புக்கு வந்த லியோ ஃபெண்டர், 34 அங்குலத் தந்தி நீளத்தோடு ஒன்றைச் செய்தார். ஃப்ரெட் இருப்பதால் விரல் தப்பாமல் சுரத்தில் விழும் என்பதற்காக அதற்கு பிரிசிஷன் பேஸ் என்று பெயர் வைத்தார். சுரம் தாழ வேண்டுமானால் தந்தி நீள வேண்டும், தடிக்க வேண்டும், அல்லது தளர வேண்டும். ரொம்பத் தளர்ந்தால் தொளதொளக்கும். ரொம்பத் தடித்தால் மேற்சுரங்கள் மந்தமாகும். ரொம்ப நீண்டால் கை எட்டாது. 34 அங்குலம் இந்த மூன்றுக்கும் நடுவே கண்ட சமரசம். எழுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் பெரும்பாலான பேஸ்கள் அதே நீளத்தில்தான் வருகின்றன.

இன்று கடையில் தொங்குபவற்றில் முக்கால்வாசி மூன்று பழைய மாதிரிகளின் வாரிசுகள். பிரிசிஷனில் தந்தியின் அதிர்வை மின்னலையாக்கும் பிக்கப், 1957-இல் இரண்டாகப் பிளந்த வடிவில் வந்தது. இரண்டு பாதிகளும் எதிரெதிராகச் சுற்றப்பட்டிருப்பதால் மின்னிரைச்சலை ஒன்றுக்கொன்று அடித்துவிடும். 1960-இல் வந்த ஜாஸ் பேஸில் இரண்டு பிக்கப், கழுத்து ஒல்லி, பிரிட்ஜ் அருகே உள்ளதைத் தூக்கினால் ஒலி மூக்கால் பேசும். 1976-இன் மியூசிக் மேன் ஸ்டிங்ரே கருவிக்குள்ளேயே பேட்டரி போட்ட முன்பெருக்கியோடு வந்தது. அதுவும் லியோ ஃபெண்டரின் கை பட்டதே. முதல் கருவி வாங்குபவருக்கு பிரிசிஷன் மாதிரியைத்தான் சொல்வேன். ஒரு வால்யூம், ஒரு டோன். கெடுக்க அதில் வேறொன்றும் இல்லை. ஐந்து தந்தி பேஸின் அடித்தந்தி 31 ஹெர்ட்ஸுக்கு இறங்கும். மலிவான கருவிகளில் அந்தத் தந்திதான் தெளிவில்லாமல் உறுமும். வாங்குமுன் அதை மட்டும் தனியாக வாசித்துப் பாருங்கள்.

டெட்ராய்ட் நகரின் மோடவுன் நிறுவனப் பாட்டுகளில் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சனிடம் இருந்தது 1962-ஆம் ஆண்டு பிரிசிஷன் பேஸ். அதில் வழவழப்பான தட்டைச்சுற்றுத் தந்திகள், கனத்த ரகம். தந்தி அறுந்தாலொழிய மாற்றமாட்டார் என்பது அவரைப் பற்றிப் பிரசித்தம். பிரிட்ஜ் மூடிக்கடியில் ஒரு ஸ்பாஞ்சு. ஆள்காட்டி விரல் ஒன்றாலேயே மீட்டுவார். பெடல் எதுவும் கிடையாது. ஒலியின் குணம் பெரும்பாலும் தந்தியிலும் விரலிலும் பிறக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. சொரசொரப்பான வட்டச்சுற்றுத் தந்தி பளிச்சென்று பேசும்; தட்டைச்சுற்று அடங்கிப் பேசும். ஒரு செட் தந்தியின் விலை அநேகமாக எந்த நல்ல பெடலையும்விடக் குறைவு. ஒலி பிடிக்கவில்லை என்றால் முதலில் தந்தியை மாற்றிப் பாருங்கள்.

அடுத்தது செட்டப். புதுக் கருவி வாங்கிய பலர் கவனிக்காமல் விடுவது இதைத்தான். நாலு தந்திகளும் சேர்ந்து கழுத்தை 70 கிலோவுக்கு மேற்பட்ட விசையோடு இழுக்கின்றன. அதற்கு எதிராக மரத்துக்குள் ஓடும் எஃகுத் தண்டுக்கு ட்ரஸ் ராட் என்று பெயர். தடித்த தந்தியை முதல் ஃப்ரெட்டிலும், கழுத்து உடலோடு சேரும் இடத்து ஃப்ரெட்டிலும் ஒரே சமயத்தில் அமுக்குங்கள். நடுவில் ஏழு, எட்டாவது ஃப்ரெட்டருகே தந்திக்கும் உலோகத்துக்கும் சுமார் 0.3 மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். தந்தி அங்கே ஒட்டிக்கிடந்தால் கழுத்து பின்னோக்கி வளைந்திருக்கிறது. ட்ரஸ் ராடின் ஆணியைத் தளர்த்த வேண்டும். இடைவெளி மிகுந்தால் இறுக்க வேண்டும். எதுவானாலும் ஒரு தடவைக்குக் கால் சுற்று. பிறகு மறுபடி சுருதி சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆணி முரண்டு பிடித்தால் கைவைக்காமல் தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள். மரம் ஈரத்துக்கு அசையும். ஏசி அறையிலிருந்து கடலோர ஊரின் திறந்தவெளி மேடைக்குப் போகும் கருவியை அவ்வப்போது இப்படிப் பார்த்துக்கொள்வது நல்லது.

கழுத்து சரியானபின் தந்தியின் உயரம். பதினேழாவது ஃப்ரெட்டில் 2 முதல் 2.8 மில்லிமீட்டர் வரை வைக்கலாம். ஓங்கி மீட்டுபவருக்கு உயரம் கூடத்தான் வேண்டும், இல்லையேல் ஃப்ரெட்டில் அடித்து அதிரும். கடைசியாகச் சுருதிச் சுத்தம். பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு நேர்மேலே விரலை லேசாகத் தொட்டு எழுப்பும் மேற்சுரமும், அதே ஃப்ரெட்டில் அமுக்கி எழுப்பும் சுரமும் ஒன்றாக நிற்க வேண்டும். அமுக்கியது ஏறி ஒலித்தால் பிரிட்ஜில் அந்தத் தந்தியின் சாடிலைப் பின்னே தள்ளுங்கள். இறங்கி ஒலித்தால் முன்னே. இதைப் புதுத் தந்தியில்தான் செய்ய வேண்டும். இந்த மூன்றையும் இதே வரிசையில் செய்யாவிட்டால் ஒன்று மற்றொன்றைக் கலைத்துவிடும்.

ஆம்ப் விஷயத்தில் வாட் எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். ஒலி இரு மடங்காகக் காதுக்குப் பட ஏறக்குறைய பத்து மடங்கு திறன் வேண்டும். 100 வாட்டிலிருந்து 200-க்குப் போனால் கூடுவது மூன்றே டெசிபல். தாழ்ந்த சுரங்களுக்கு நம் காது மந்தம் வேறு; கிடார்க்காரர் 50 வாட்டில் கூட்டத்தை அலறவைக்கும்போது பேஸுக்கு 300 வாட் தேவைப்படுவது அதனால்தான். ஆம்பெக் நிறுவனம் 1969-இல் 300 வாட் எஸ்விடி ஆம்பைக் கொண்டுவந்தது. அந்த ஆண்டே ரோலிங் ஸ்டோன்ஸ் குழு தன் அமெரிக்கப் பயணத்துக்கு அதை எடுத்துக்கொண்டது. ஸ்பீக்கர் இல்லாமல் தலைப்பகுதி மட்டுமே 35 கிலோவுக்கு மேல். இன்று கிளாஸ் டி ரக 500 வாட் தலைப்பகுதிகள் இரண்டு கிலோவைச் சுற்றி வருகின்றன. பேஸ் வாசிப்பவர்களின் முதுகுக்கு இந்தக் காலத்தில் கிடைத்த பெரிய வரம் அது.

தாழ்ந்த சுரத்துக்கு 15 அங்குல ஸ்பீக்கர்தான் வேண்டும் என்ற பேச்சையும் நம்ப வேண்டாம். எஸ்விடியோடு நிற்கும் பெட்டியில் எட்டு 10 அங்குல ஸ்பீக்கர்கள். மொத்தப் பரப்பு ஒரு 15 அங்குல ஸ்பீக்கரைவிட மூன்றரை மடங்கு. எவ்வளவு காற்றைத் தள்ளுகிறது, பெட்டி எப்படி அமைந்திருக்கிறது என்பதே முக்கியம். ஓம் கணக்கைத் தவறவிடாதீர்கள். 8 ஓம் பெட்டிகள் இரண்டை இணையாகச் சேர்த்தால் 4 ஓம். மூன்றைச் சேர்த்தால் 2.7. ஆம்பின் பின்புறம் குறைந்தது 4 ஓம் என்று எழுதியிருந்தால் மூன்றாவது பெட்டி வேண்டாம். வால்வு ஆம்பை ஸ்பீக்கர் இணைக்காமல் ஓட்டவே கூடாது. அதன் வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துபோகும்.

இனி பெடல். இதன் வரலாற்றில் ஒரு வேடிக்கை உண்டு. கரகர ஒலி தரும் ஃபஸ் பெடல் கிடார்க்காரரின் சொத்து என்றே எல்லோரும் நினைக்கிறார்கள். அது பிறந்தது ஒரு பேஸிலிருந்து. மார்ட்டி ராபின்ஸ் பாடி 1961-இல் வெளிவந்த ‘டோன்ட் வொரி’ பாட்டுக்கு நாஷ்வில் ஒலிப்பதிவுக் கூடத்தில் கிரேடி மார்ட்டின் ஆறு தந்தி பேஸ் வாசித்தார். ஒலிக்கலவை மேசையில் அவர் இணைப்பு பழுதாகி, சுரம் கிழிந்து வெளியே வந்தது. அதை அப்படியே விட்டார்கள். பாட்டு வெற்றி பெற்றது. ஒலிப்பொறியாளர் கிளென் ஸ்னாடி அந்தப் பழுதை டிரான்சிஸ்டர்களால் போலச் செய்தார். கிப்சன் நிறுவனம் அதை 1962-இல் மேஸ்ட்ரோ ஃபஸ்டோன் என்று விற்பனைக்கு விட்டது.

பீட்டில்ஸின் ‘திங்க் ஃபார் யுவர்செல்ஃப்’ பாட்டில் 1965-இல் பால் மெக்கார்ட்னி ஃபஸ் போட்ட பேஸ் வாசித்தார். கூடவே சாதாரண பேஸ் ஒன்றையும் தனியாகப் பதிவு செய்தார்கள். பேஸுக்கான பெடல் வடிவமைப்பின் சாரம் முழுக்க அந்த ஏற்பாட்டில் இருக்கிறது. கரகரப்பு மேற்சுரங்களைப் பெருக்கும். சின்ன ஸ்பீக்கரிலும் பேஸ் கேட்கும், முன்பு சொன்ன மூளைக் கணக்கு வேலை செய்யும். ஆனால் அடிச்சுரத்தின் கனம் கரைந்துபோகும். கிடாருக்கென்று செய்த ஐபனேஸ் டியூப் ஸ்க்ரீமர் 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே போகப்போகப் பெருக்கத்தைக் குறைத்துக்கொண்டே வரும். நம் 41 எங்கே நிற்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆகவே பேஸுக்கு இப்படிக் கரகரப்பு தரும் டிரைவ் பெடல் வாங்கினால் ‘பிளெண்ட்’ என்ற குமிழ் இருக்கிறதா பாருங்கள். மெக்கார்ட்னி தனியாக வாசித்துச் சேர்த்ததை அந்தக் குமிழ் ஒரே நேரத்தில் செய்கிறது: சுத்த ஒலியையும் கரகரப்பையும் விரும்பிய அளவில் கலந்து தருகிறது.

மற்றவற்றில் முதலில் வாங்க வேண்டியது ட்யூனர். மேடையில் சத்தமில்லாமல் சுருதி சேர்க்க வேறு வழியில்லை. கம்ப்ரெஸர் ஓங்கிய சுரத்தை அமுக்கும். விகிதம் நான்குக்கு ஒன்று என்றால், எல்லையைத் தாண்டும் ஒவ்வொரு நான்கு டெசிபலும் ஒன்றாகச் சுருங்கும். அதன் ‘அட்டாக்’ குமிழை மிக வேகமாக வைத்தால் விரல் தந்தியைத் தொடும் அந்த ‘டக்’ செத்துப்போகும். கொஞ்சம் தாமதிக்க விடுங்கள். பாஸ் நிறுவனத்திடமிருந்து 1982-இல் வந்த ஓசி-2 என்ற ஆக்டேவ் பெடல் ஒரு ஸ்தாயி கீழே நிழலாக இன்னொரு சுரம் சேர்க்கும். அடித்தந்தியைத் திறந்து வாசித்தால் அந்த நிழல் 20.6 ஹெர்ட்ஸ், கேள்வித் திறனின் கடைசி விளிம்பு, பெடலும் தடுமாறும். ஏழாவது ஃப்ரெட்டுக்கு மேலே வாசிக்கும்போதுதான் அது நன்றாக உழைக்கும். 1972-இன் மியூட்ரான் 3 போன்ற என்வலப் ஃபில்டர் மீட்டும் விசையைப் பார்த்து வாய் திறந்து மூடும். பூட்ஸி காலின்ஸின் பேஸ் பேசுவதுபோல் இருப்பது அதனால்தான். அது விரலின் ஏற்ற இறக்கத்தை நம்பியிருப்பதால் கம்ப்ரெஸருக்கு முன்னால் வர வேண்டும்.

வரிசை இப்படி இருக்கலாம்: ட்யூனர், ஃபில்டர், ஆக்டேவ், கம்ப்ரெஸர், டிரைவ், கோரஸ், கடைசியில் ஒலியை நேராக ஒலிக்கலவை மேசைக்கு அனுப்பும் டிஐ பெட்டி. பெரிய மேடையில் மக்கள் கேட்பது இந்த டிஐ வழியாகப் போகும் ஒலியைத்தான். உங்கள் ஆம்ப் பெரும்பாலும் உங்களுக்கும் பக்கத்தில் நிற்பவருக்கும்தான். மின்சாரத்தில் கஞ்சத்தனம் கூடாது. பெரும்பாலான பெடல்களுக்கு 9 வோல்ட், நடுமுனை எதிர்மின். வோல்ட் பொருந்த வேண்டும். மில்லியாம்பியர் கூடுதலாக இருந்தால் பாதகமில்லை, குறைந்தால்தான் சிக்கல். டிஜிட்டல் பெடலையும் டிரைவையும் ஒரே அடாப்டரில் கோத்தால் மெல்லிய கீச்சொலி ஏறும். ஒவ்வொரு பெடலுக்கும் தனிமைப்படுத்திய வெளியீடு தரும் மின்பெட்டி அதைத் தீர்க்கும்.

கடைக்குப் போகும்போது உங்கள் கருவியையே எடுத்துப் போங்கள். பெரிய ஸ்பீக்கரில், மேடைக்குரிய ஒலியளவில், அடித்தந்தியை மெதுவாக வாசித்துக்கொண்டே பெடலை மிதித்து மிதித்து விடுங்கள். மிதிக்கும்போது கீழ்ச்சுரம் சரிந்தால், எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் அந்தப் பெடலை வாங்காதீர்கள்.