கடற்கரை மணலில் சீமைக்கருவேல்

இராமநாதபுரம், தூத்துக்குடி மாவட்டங்களின் கடலோரச் சிற்றூர்களில் மணல்மேடுகளையும் அவற்றை அடுத்த மானாவாரி நிலங்களையும் பனந்தோப்புகளையும் சீமைக்கருவேல் பிடித்துக்கொண்டுள்ளது. வேலிக்கும் விறகுக்கும் உதவிய இம்மரமே இன்று பெருங்களையாகிவிட்டது.

வந்த வழி

இதன் தாயகம் மத்திய அமெரிக்கா, தென் அமெரிக்கா, மேற்கிந்தியத் தீவுகள் ஆகும். 1877-ஆம் ஆண்டில் ஜமைக்காவிலிருந்து தருவிக்கப்பட்ட விதைகள் அன்றைய சென்னை மாகாணத்தின் கடப்பைப் பகுதியில் விதைக்கப்பட்டன. வறட்சியையும் உவரையும் தாங்குவதால் கடலோரத்திலும் இது எளிதில் நிலைத்துவிடுகிறது.

பரவும் விதம்

இனிப்பான நெற்றுகளை ஆடுமாடுகள் விரும்பித் தின்னும். விதையுறை கடினமானது. ஆகவே விதைகள் செரிக்காமல் சாணத்துடனும் புழுக்கையுடனும் வெளிவந்து, அந்த எருவிலேயே முளைக்கின்றன. கிடை போட்ட நிலத்தில் இக்கன்றுகள் தோன்றுவது இதனால்தான்.

விளையும் தீமை

அடம்பங்கொடியும் இராவணன் மீசைப் புல்லும் தரையோடு படர்ந்து மணலைப் பிணைப்பவை. சீமைக்கருவேலின் நிழலிலும் சருகிலும் இவை நலிந்துவிடுகின்றன. கடலோர மணலில் நன்னீர், உவர்நீரின் மேல் மெல்லிய படலமாகவே நிற்கும். ஆழமாக வேரோடும் இம்மரம் அந்நீரையும் உறிஞ்சுகிறது.

ஒழிக்கும் முறைகள்

1. மழைக்குப்பின் மண் ஈரமாக இருக்கும்போது இளங்கன்றுகளை வேருடன் பிடுங்க வேண்டும்.

2. வளர்ந்த மரத்தைத் தரைமட்டத்தில் வெட்டிப் பயனில்லை. தூரிலிருந்து பல கிளைகள் துளிர்க்கும். மண்ணைப் பறித்து, தூரையும் குறைந்தது ஓரடி ஆழம்வரை வேரையும் சேர்த்து அகற்ற வேண்டும்.

3. மணல்மேட்டில் முழுவதையும் ஒரே தடவையில் அழிக்கக்கூடாது. வெற்று மணல் காற்றில் பறந்து வயலை மூடிவிடும். பட்டை பட்டையாக அகற்றி, வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் அங்கு அடம்பங்கொடித் துண்டுகளை ஊன்றவும். நிலப்புறத்தில் பனங்கொட்டை நடலாம்.

4. மணல்மேடுகள் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளுக்கு உட்பட்டவை. இயந்திரம் கொண்டு தோண்டும் முன் உரிய அனுமதி பெறுதல் அவசியம்.

பயன்படுத்தும் வழி

வெட்டிய மரத்தை விறகாகவும் கரியாகவும் விற்றால் செலவில் ஒரு பகுதி ஈடாகும். நெற்றுகளைக் காயவைத்து, விதையும் நொறுங்குமாறு அரைத்து அடர்தீவனத்தில் அளவாகச் சேர்க்கலாம். இதனால் விதை பரவுவதும் தடைப்படும். நெற்றை மட்டுமே தொடர்ந்து தீவனமாக அளித்தால் மாடுகள் நோயுறும்.

மண்ணில் கிடக்கும் விதைகள் பல ஆண்டுகள் கழித்தும் முளைக்கும். எனவே உழவர் பெருமக்கள் ஒவ்வோர் ஆண்டும் மழைக்குப்பின் கன்று பறிப்பதைத் தவறாது செய்தல் வேண்டும். அடுத்தடுத்த நிலத்தார் கூடிச் செய்தால்தான் முழுப்பயன் கிட்டும்.